பாண்டியம்மாள் கல்லுக்கு ஒரு பிழைத்திருத்தல்

அனுப்புநர்:
சு. ஆவுடைநாயகம் (வயது 71),
உரிமம் பெற்ற பத்திர எழுத்தர் (ஓய்வு),
14, மேட்டுத் தெரு,
சாரல்குறிச்சி, தென்காசி மாவட்டம்.

பெறுநர்:
செயல் அலுவலர் அவர்கள்,
பேரூராட்சி அலுவலகம்,
சாரல்குறிச்சி.

பொருள்: கல்லு ஸ்டாப்பில் உள்ள "பாண்டியர் நுழைவாயில்" என்னும் கல்லைச் சுற்றிப் போடப்பட்டுள்ள இரும்பு வேலியை அகற்றவும், அக்கல்லை இடம் மாற்றும் உத்தேசத்தைக் கைவிடவும், இவ்வளவுக்கும் காரணமான ஆவுடைநாயகம் என்பவர்மீது தக்க நடவடிக்கை எடுக்கவும் கோருதல் – தொடர்பாக.

பார்வை:
(1) மேற்படி ஆவுடைநாயகம் 04.11.2024 அன்று அளித்த மனு.
(2) மன்றத் தீர்மானம் எண் 114, நாள் 28.11.2024.
(3) வரும் 31.07.2025 மன்றக் கூட்டத்தின் பொருள் எண் 9.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். அனுப்புநர் பெயரும் புகாருக்கு ஆளானவர் பெயரும் ஒன்றாக இருப்பதைப் பார்த்துத் தட்டச்சுப் பிழை என்று தாங்கள் கருதிவிட வேண்டாம். இரண்டும் நானே. முப்பத்தெட்டு ஆண்டுகள் பத்திரமும் மனுவும் எழுதிப் பிழைத்தவன் நான். அண்ணன்மீது தம்பிக்கும், தம்பிமீது அண்ணனுக்கும், சில சமயம் ஒரே நாளில் இருவருக்குமே எழுதிக் கொடுத்திருக்கிறேன். என்மீது நானே எழுதுவது இதுவே முதல் தடவை. எதிர்த்தரப்பின் பலவீனங்கள் இவ்வளவு துல்லியமாக எனக்குத் தெரிந்த வழக்கு இதற்கு முன் வாய்த்ததில்லை.

2. தாங்கள் மே மாதம்தான் இங்கே பொறுப்பேற்றீர்கள். ஆகவே கோப்பில் உள்ளதை மட்டும் படித்திருப்பீர்கள். கோப்பில் உள்ளது அனைத்தும் நான் எழுதியது. அதனால்தான் விவரத்தை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

3. சொத்து விவரம்: ஐந்தருவி செல்லும் சாலையில், கிதிர் முகம்மது அவர்களின் பழச்சாறு கடைக்குத் தெற்கு, பொதுக் கால்வாய்க்கு வடக்கு, பஸ் நிற்கும் இடத்திற்கு மேற்கு, புளியமரத்திற்குக் கிழக்கு. இந்த நான்கு எல்லைக்குட்பட்ட இடத்தில் இரண்டு கல்தூண்கள் ஊன்றி, அவற்றின் தலையில் குறுக்காக ஒரு பலகைக்கல் வைக்கப்பட்டுள்ளது. உயரம் நெஞ்சளவு. தலைச்சுமையோடு வருகிற ஒருவர் அடுத்தவர் கையை எதிர்பாராமல் அதன்மேல் சுமையை இறக்கி, இளைப்பாறி, மறுபடி தானாகவே தலைக்கு ஏற்றிக்கொள்ளலாம். சுமைதாங்கி என்று அதற்குப் பெயர். இதை நான் இப்போது எவ்வளவு தெளிவாக எழுதுகிறேன் பாருங்கள். போன நவம்பரில் எனக்கு இது தெரியவில்லை.

4. தெரியாமல் போனதற்குக் காரணம் உண்டு. எனக்குப் பூர்வீகம் ஆலங்குளம். இங்கே வீடு கட்டிக் குடிவந்தது 2009-இல். வந்த நாள் முதல் எனக்கு ஒரு குறை இருந்தது. தென்காசிக்குக் கோபுரம் இருக்கிறது. குற்றாலத்திற்கு அருவி இருக்கிறது. புளியங்குடிக்கு எலுமிச்சைச் சந்தை இருக்கிறது. ஆலங்குளத்திற்குக்கூட ஒரு தாலுகா அலுவலகம் இருக்கிறது. சாரல்குறிச்சிக்கு என்ன இருக்கிறது என்று சம்பந்தி வீட்டார் கேட்டபோது, வேகத்தடை இருக்கிறது என்று சொல்லும்படி ஆயிற்று. சீசனுக்கு வரும் கார்கள் நம் ஊரில் வேகம் குறைவது அந்த ஓரிடத்தில்தான். அன்று இரவு உணவு எனக்கு இறங்கவில்லை. கண் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு தொழிலையும் விட்டிருந்தேன். ஓய்வும் ஊர்ப்பற்றும் ஒருவனிடத்தில் ஒன்றுசேர்வது எவ்வளவு ஆபத்து என்பதைப் பிற்பாடு வந்த சம்பவங்கள் காட்டும்.

5. நவம்பர் முதல் வாரத்தில் ஒருநாள் பஸ்ஸுக்குக் காத்து நிற்கையில் அந்தப் பலகைக்கல்லின் முகப்பில் எழுத்துகளைக் கண்டேன். புதுக் கண்ணின் முதல் கண்டுபிடிப்பு. வாசகம் பின்வருமாறு:

பாணடியமமா
நி
87

வலது ஓரத்தை எப்போதோ ஒரு எலுமிச்சை லாரி பின்னால் எடுக்கும்போது இடித்துச் சில்லு பெயர்ந்திருந்தது. இடது கீழ்ப்பக்கத்தில் பழைய தேர்தல்களின் சுண்ணாம்பு அப்பியிருந்தது. சுரண்டிப் பார்த்திருக்கலாம். சுரண்டினால் தொன்மை கெட்டுவிடும் என்று நான் அதைத் தொடவில்லை.

6. பழைய கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கும் வழக்கம் பெரும்பாலும் இல்லை என்று எங்கோ படித்திருந்தேன். இந்தக் கல்லிலும் ஒரு புள்ளி இல்லை. எனக்கு அது போதுமானதாக இருந்தது. "பாணடிய" என்பது பாண்டியர். அடுத்த "ம" என்பது மகா. "மா" என்பது மாமன்னர். ஆக, பாண்டிய மகா மாமன்னர். மகாவும் மா-வும் ஒன்றுதானே என்று இராமலட்சுமி கேட்டாள். இராமலட்சுமி என் மனைவி. அவர் பெரிய மன்னர் என்று பதில் சொன்னேன். "நி" என்பது நிவந்தம், அதாவது அரசர் விட்ட கொடை. 87 என்பது சக ஆண்டு 1387, கிறிஸ்து பிறப்புக்குப் பின் 1465. அந்தக் காலத்துப் பாண்டியர் பள்ளிக்கூடத்துச் சிலேட்டில் எழுதுகிற எண்களில் ஏன் எழுத வேண்டும் என்ற கேள்வி எனக்கும் எழுந்தது. "எண்கள் பிற்காலச் சேர்க்கை" என்று அடிக்குறிப்பு எழுதி அந்தக் கேள்வியைத் தீர்த்துவைத்தேன்.

7. உயரம் நெஞ்சளவுதானே இருக்கிறது, மன்னர் எப்படி நுழைவார் என்பதற்கும் பதில் வைத்திருந்தேன். தூண்களின் மீதி உயரம் மண்ணுக்குள் புதைந்திருக்கிறது, தோண்டினால் யானை நுழையும் வாசல் கிடைக்கும் என்று பார்வை ஒன்றில் கண்ட மனுவில் எழுதினேன். பதினோரு பக்கம். அதில் "பெருமிதம்" என்ற சொல் இருபத்திரண்டு இடங்களில் வருகிறது.

8. 28.11.2024 அன்று நடந்த மன்றக் கூட்டத்தில் விளக்கம் அளிக்க எனக்கு அனுமதி கிடைத்தது. நாற்பது நிமிடம் பேசினேன். பன்னிரண்டாவது வார்டு உறுப்பினர் திரு. கிங்ஸ்லி மட்டும் எழுந்து, "ராசா எதுக்கு அண்ணாச்சி பஸ் ஸ்டாப்புல வாசல் கட்டணும்?" என்று கேட்டார். ஐயா, அந்தக் கூட்டத்தில் கேட்கப்பட்ட ஒரே புத்தியுள்ள கேள்வி அது. நான் அதற்கு இன்னொரு இருபது நிமிடம் பதில் சொன்னேன். மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்கியதால் அவர் உட்கார்ந்துவிட்டார். நடவடிக்கைக் குறிப்பில் "உறுப்பினர் ஐயம் எழுப்பித் தெளிவு பெற்றார்" என்று உள்ளது. அந்த வரியும் என் கைவண்ணமே. எழுத்தர் விடுப்பில் இருந்தபடியால் தீர்மானத்தையும் குறிப்பையும் நானே எழுதிக் கொடுத்தேன்.

9. "நமது பேரூராட்சியின் தொன்மைப் பெருமையை உலகறியச் செய்யும் பொருட்டு, மேற்படி பாண்டியர் நுழைவாயிலை ஊரின் பாரம்பரியச் சின்னமாக இம்மன்றம் பெருமிதத்துடனும் பேருவகையுடனும் ஏகமனதாக அறிவிக்கிறது" என்பது தீர்மானம் எண் 114. கல்லின் கதை தெரிந்தவர்கள் ஊரில் இல்லாமல் இல்லை. அவர்கள் மன்றத்தில் இல்லை. மன்றத்தில் இருந்தவர்களோ இரண்டு சக்கர, நான்கு சக்கர வாகனங்களில் போகிறவர்கள். கல்லு ஸ்டாப்பில் சுமையோடு நின்று பழக்கப்பட்டவர் யாரும் அன்று கையைத் தூக்கவில்லை. என்னையும் சேர்த்தே சொல்கிறேன். நான் பஸ்ஸில் போவேனே ஒழிய, தலையில் எதையும் வைத்துக்கொண்டு போனதில்லை.

10. 26.01.2025 அன்று திறப்பு விழா. ஆள் உயரத்திற்கு இரும்பு வேலி போட்டார்கள். அதற்குப் பூட்டு. "பாரம்பரியச் சின்னம் – தொடாதீர் – மீறினால் அபராதம்" என்று ஒரு பலகை. பக்கத்தில் பெரிய பலகை. அதில் பாண்டிய மன்னருக்கு விரற்கடை அளவு எழுத்து, கீழே "கண்டறிந்தவர்: கல்வெட்டுக் காவலர் ஆவுடைநாயகம்" என்று சாண் அளவு எழுத்து. அளவு மாறிப்போயிற்று என்று பலகை எழுதியவர் மன்னிப்புக் கேட்டார். பரவாயில்லை, இருக்கட்டும் என்று பெருந்தன்மையோடு சொல்லிவிட்டேன். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அன்றைக்கும் நாற்பது நிமிடம் பேசினேன். கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது. கடைசி வரிசையில் புது வேட்டி கட்டிய ஒரு பெரியவர் மட்டும் இறுதிவரை இருந்து கை தட்டினார். வரலாற்று ஆர்வம் உள்ள ஒருவராவது ஊரில் இருக்கிறாரே என்று வீட்டில் வந்து சொன்னேன். அவரைத் தாங்கள் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

11. மறுவாரம் முதல் நான் தினமும் கல்லு ஸ்டாப்பில் ஆஜர். ஐந்தருவி செல்லும் பயணிகளை வழிமறித்து நுழைவாயிலை விளக்குவது என் பணி. ஸ்டாப்பின் பெயரையும் "பாண்டியர் நுழைவாயில்" என்று மாற்றச் சொல்லியாயிற்று. நடத்துநர்கள் இன்றுவரை "கல்லு எறங்கு" என்றுதான் கூவுகிறார்கள். அவர்கள்மீது ஒரு புகார் மனு எழுதி வைத்திருந்தேன். அதை இப்போது கிழித்துவிட்டேன்.

12. ஜூன் முதல் வாரம். சாரல் விழத் தொடங்கிவிட்டது. கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு குடும்பத்திற்கு யானை நுழைந்த விதத்தை விவரித்துக்கொண்டிருந்தேன். ஐந்தருவியில் பழம் விற்கும் குழல்வாய்மொழி என்ற பெண்மணி தலையில் மங்குஸ்தான் கூடையோடு வந்து வேலியருகே நின்றார். "அண்ணாச்சி, ஒரு கை குடுங்க, எறக்கி வைக்கணும்" என்றார். இருங்கம்மா, பதினைந்தாம் நூற்றாண்டை முடித்துவிடுகிறேன் என்றேன். முடித்துவிட்டுக் கை கொடுத்தேன். அவர் எவ்வளவு பாரத்தைத் தலையில் தாங்கியிருந்தார் என்பது அது என் கைக்கு வந்தபோதுதான் தெரிந்தது. கூடை என் கையை விட்டுப் போயிற்று. பழங்கள் எல்லாம் பஸ்ஸுக்கு அடியில் உருண்டன. கோயம்புத்தூர்க் குடும்பம் பொறுக்கிக் கொடுத்தது. நானும் குனிந்தேன், நிமிர நேரமாயிற்று. குழல்வாய்மொழி கோபப்படவில்லை. அவர் சொன்னதைச் சொன்னபடியே பதிவு செய்கிறேன்: "முன்னெல்லாம் யார் தயவும் இல்லாம நானே எறக்குவேன், நானே ஏத்துவேன். இப்ப ஒவ்வொருத்தர் மூஞ்சியாப் பாக்க வேண்டியிருக்கு. அந்த ராசாவை அவுக வீட்டுக்குள்ள கொண்டு வச்சுக்கிடச் சொல்லுங்க அண்ணாச்சி. எனக்குக் கழுத்து ஒடியுது."

13. நான் இதைச் சரியாகவே புரிந்துகொண்டேன் என்று நினைத்தேன். கல் பேருந்து நிறுத்தத்தில் இருப்பதால்தான் இடைஞ்சல். கல்லைப் பெயர்த்துப் பேரூராட்சி அலுவலக வளாகத்துப் பூங்காவில் நட்டு, வண்ண விளக்குப் போட்டால் இடைஞ்சல் தீரும், பெருமையும் ஒரு படி ஏறும். பொருள் எண் 9 என்று தங்கள் மேசைமேல் இருப்பது அந்த யோசனைதான். அதுவும் என்னுடையது. என்மீது நடவடிக்கை கோருவதற்கு இந்த ஒரு பத்தியே போதும் என்று கருதுகிறேன்.

14. ஜூன் கடைசி வாரத்தில் ஒரு பெரியவர் என் வீட்டிற்கு வந்தார். முதலில் அடையாளம் தெரியவில்லை. திறப்பு விழாவில் கடைசிவரை கை தட்டிய அதே பெரியவர். பெயர் பலவேசம், வயது எழுபத்திரண்டு. சீசன் நாட்களில் ஐந்தருவியில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். என்னிடம் ஒரு மனு எழுதிக்கொண்டு போக வந்திருந்தார். நான் தொழிலை விட்டுவிட்டதாகச் சொன்னாலும், கைப்பழக்கம், பேனாவை எடுத்துவிட்டேன். வழக்கம்போல் கேட்டேன். மனுதாரர் பெயர்? சொன்னார். தகப்பனார் பெயர்? சொன்னார். என்ன குறை? "கல்லைச் சுத்திக் கம்பி போட்டிருக்காவ. அதை எடுக்கணும்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் முறைப்படி அடுத்த கேள்வியைக் கேட்டேன். அந்தக் கல்லுக்கும் உமக்கும் என்ன சம்பந்தம்?

15. "அது என் வீட்டுக்காரி" என்றார்.

16. காது சரியாகக் கேட்கவில்லையோ என்று கேள்வியை உரக்கத் திருப்பிக் கேட்டேன். அவருக்குக் காது நன்றாகவே கேட்டது. அவர் மனைவி பெயர் பாண்டியம்மாள். சாரல்குறிச்சியிலிருந்து ஐந்தருவிக்குப் பழக்கூடை சுமந்தவர். 1987, ஆனி மாதம். ஏழு மாதக் கர்ப்பம். ஒருநாள் கூடையோடு அந்த இடத்தில் நெடுநேரம் நின்றிருக்கிறார். இறக்கிக் கொடுக்க ஆள் வரவில்லை. வீட்டிற்கு வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை. வயிற்றுப் பிள்ளையோடு போய்விட்டார். மேற்கொண்டு அவர் சொன்னதை என் நடையில் எழுத எனக்குத் துணிவில்லை. அவர் வாக்கிலேயே தருகிறேன்: "வவுத்துல சுமையோட போனவளுக்குக் கல்லு நடணும்னாவ அண்ணாச்சி. ரோட்டுல போற ஒருத்தி சுமைய எறக்கி வச்சு, அப்பாடான்னு ஒரு மூச்சு விட்டான்னா, அந்த அளவு அவ சுமை எறங்குமாம். அப்பப்ப வந்து பாப்பேன். ஏதாவது ஒரு கூடை இருக்கும். சரி, எறங்குதுன்னு நினைச்சுக்கிடுவேன்."

17. நம் பக்கத்தில் இப்படி ஒரு வழக்கம் உண்டு என்பதை நானும் கேள்விப்பட்டிருக்கிறேன். கர்ப்பிணியாக இறந்த பெண்ணுக்காகச் சுமைதாங்கி நடுவார்கள். பதினோரு பக்கம் பாரம்பரியத்தைப் பற்றி எழுதியவனுக்கு, பாரம்பரியம் நெஞ்சுக்கு நேரே நின்றபோது அது நினைவுக்கு வரவில்லை.

18. எழுத்தைப் பற்றிக் கேட்டேன். "பாண்டியம்மாள் நினைவு 1987" என்று வெட்டச் சொன்னாராம். ம் மேல் புள்ளி எங்கே என்று கேட்டேன். "புள்ளி வைக்கப் போனா உளி தெறிச்சு எழுத்து ஒடஞ்சுரும், வேண்டாம்னாரு கல்லு கொத்துனவரு. சரி, நமக்குத் தெரிஞ்சாப் போதும்னு விட்டுட்டேன்" என்றார். பத்திரத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனால் சொத்தே கைமாறிவிடும் என்று முப்பத்தெட்டு வருஷம் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். நான் சொன்னபடியே ஒரு புள்ளியால் ஒரு சொத்து கைமாறியிருக்கிறது. பலவேசத்திடமிருந்து பாண்டியருக்கு.

19. திறப்பு விழாவுக்கு எதற்கு வந்தீர் என்று கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டுவிட்டேன். "பேனர்ல பாண்டியன்னு போட்டிருந்துது. நம்ம பாண்டியம்மாளுக்குத்தான் கவருமெண்டுல செய்யுதாவ போலன்னு புது வேட்டி எடுத்துக் கட்டிட்டு வந்தேன். நீங்க ராசா ராசான்னு பேசுனிய. மரியாதைக்கு அப்பிடிச் சொல்லுதாவன்னு நினைச்சேன்" என்றார். ஐயா, நான் அந்த நாற்பது நிமிடத்தில் பேசிய ஒவ்வொரு சொல்லையும் அவர் தம் மனைவியைப் பற்றியது என்று நினைத்துக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "படை நடத்தி வந்த" என்று நான் சொன்ன இடத்திலும் கை தட்டினாரே என்று நினைத்துப் பார்த்தேன். எனக்கு வெட்கம் தாங்கவில்லை. இதை அலுவல் நடையில் வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

20. வருடந்தோறும் பாண்டியம்மாள் இறந்த நாளன்று பலவேசம் வீட்டிலிருந்து ஒரு கூடையில் பழம் சுமந்து வந்து கல்மேல் இறக்கி, சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு, பழத்தை வழியில் போவோருக்குக் கொடுத்துவிட்டுப் போவாராம். முப்பத்தேழு வருடம் நடந்த காரியம். இந்த ஆனியிலும் சுமந்து வந்திருக்கிறார். வேலி. பூட்டு. தொடாதீர். தரையில் வைக்க மனம் வரவில்லை. கூடையோடு வெகுநேரம் நின்றதைக் குழல்வாய்மொழி பார்த்திருக்கிறார். கடைசியில் இறக்காமலேயே வீட்டிற்குத் திரும்பியிருக்கிறார். அதற்கு மறுநாள்தான் என்னிடம் மனு எழுத வந்தார்.

21. இதற்கெல்லாம் நானே காரணம் என்று அவரிடம் சொன்னேன். பலகையில் உள்ள பெரிய எழுத்து யார் பெயர் என்று அவருக்கு அதுவரை தெரியாது. அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் இந்த மனு இவ்வளவு நீளமாக ஆகியிருக்காது. எழுதிய மனுவில் கையெழுத்துக் கேட்டபோது பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "ஊரே பெருமையா நிக்கி. என் ஒருத்தனுக்காவ அதைக் கெடுக்க வேண்டாம். கம்பியில ஒரு சின்ன வாசல் மட்டும் வச்சுத் தரச் சொல்லுங்க, போதும்" என்றார். பலகையை மாற்றிப் பாண்டியம்மாள் பெயரைப் பெரிதாக எழுத ஏற்பாடு செய்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். பெயரெல்லாம் வேண்டாம் என்றுவிட்டார். காப்பியைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார்.

22. இவ்வளவையும் உள்ளறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த இராமலட்சுமி என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்: "முப்பத்தெட்டு வருசமா ஊரார் வீட்டு எல்லையெல்லாம் எழுதுனிய. அந்தக் கல்லு யாருதுன்னு ஒரு ஆள்ட்ட கேக்க வாய் வரலியாக்கும்?"

23. உடனே கல்லு ஸ்டாப்புக்குப் போனேன். கம்பி இடுக்கில் கையை விட்டு, வீட்டுச் சாவியால் இடது பக்கச் சுண்ணாம்பைச் சுரண்டினேன். மூன்று தேர்தல் ஆழத்தில் 19 இருந்தது. 1987. அந்த வருடம் எனக்கு முப்பத்து மூன்று வயது. ஆலங்குளத்தில் பத்திரம் எழுதிக்கொண்டிருந்தேன். நான் கண்டுபிடித்த பண்டைய காலம் அவ்வளவுதான்.

24. பத்திர எழுத்துத் தொழிலில் பிழைத்திருத்தல் பத்திரம் என்று ஒன்று உண்டு. முதல் பத்திரத்தில் பெயரோ எல்லையோ தவறாக விழுந்துவிட்டால், தவறு இன்னது, சரி இன்னது என்று எழுதிப் பதிவு செய்துகொள்வார்கள். முதல் பத்திரம் முழுவதும் செல்லாது என்று ஆகிவிடாது. பிழை மட்டும் நீங்கும். ஆகவே தீர்மானம் எண் 114-ஐ அடியோடு ரத்து செய்யுமாறு நான் கேட்கவில்லை. அந்தக் கல் நம் ஊரின் பாரம்பரியச் சின்னம்தான். அதில் மன்றத்திற்குப் பிழை இல்லை. யாருடையது என்பதிலும், அதை என்ன செய்ய வேண்டும் என்பதிலும்தான் பிழை. கோபுரத்தைத் தொடாமல் பாதுகாக்கலாம். இந்தக் கல்லைத் தொடாமல் வைத்திருந்தால் அது சும்மா மூன்று கல். அதன்மேல் யாராவது ஒருவர் பாரத்தை இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஊருக்குப் பெருமை வேண்டும் என்றால் இதைவிட வேறு என்ன பெருமை சொல்லிக்கொள்ள இருக்கிறது? ஒருத்திக்கு ஒருநாள் கை கொடுக்க ஆள் இல்லாமல் போனது. அதன்பிறகு இந்த ஊரில் யாரும் கூடையோடு ஆளைத் தேடி நிற்க வேண்டாம் என்று ஒரு ஏழை மனிதர் கல் நட்டார். சம்பந்தி வீட்டார் அடுத்த தடவை கேட்டால் இதைச் சொல்வேன். இரண்டு நிமிடத்தில் முடித்துக்கொள்வேன்.

25. ஆகவே தாங்கள் கருணை கூர்ந்து,

(அ) கல்லைச் சுற்றியுள்ள வேலியைச் சாரல் விழாக் கூட்டம் வருவதற்குள் முழுமையாக அகற்ற வேண்டுகிறேன். சின்ன வாசல் போதும் என்றது பலவேசத்தின் பெருந்தன்மை. அதைச் சாக்காக வைத்து வாசலோடு நிறுத்திவிட வேண்டாம்.

(ஆ) 31.07.2025 கூட்டத்தில் பொருள் எண் 9-ஐக் கைவிட வேண்டுகிறேன். அந்தக் கல் நிற்க வேண்டிய இடம், பாண்டியம்மாள் நின்ற இடம். அலுவலகப் பூங்காவில் யாரும் கூடையோடு நிற்பதில்லை. விளக்குப் போட்டே ஆக வேண்டுமானால் அதை ஸ்டாப்பில் போடலாம், ஏற்கெனவே இருந்த விளக்கு மார்ச் முதல் எரியவில்லை.

(இ) என் பெயர் தாங்கிய பலகையை இறக்க வேண்டுகிறேன். "தொடாதீர்" என்ற பலகையை மட்டும் திருப்பி, பின்பக்கத்தில் "இங்கே சுமை இறக்கி வைக்கலாம்" என்று எழுதினால் போதும். எழுத்து அளவை இம்முறை நான் மேற்பார்வையிட மாட்டேன்.

(ஈ) ஸ்டாப்பின் பெயர் "கல்லு" என்றே இருக்க வேண்டுகிறேன். நடத்துநர்கள் என்னைவிட விவரம் தெரிந்தவர்கள்.

(உ) மேற்படி ஆவுடைநாயகத்தை இனி மன்றக் கூட்டங்களில் ஐந்து நிமிடத்திற்கு மேல் பேச அனுமதிக்க வேண்டாம். திரு. கிங்ஸ்லி கேள்வி கேட்டால் அவருக்கு முழு நேரமும் அளிக்க வேண்டுகிறேன்.

26. கடைசியாக, தங்கள் அலுவலக வாசலில் உட்கார்ந்து இந்தப் பத்தியைச் சேர்த்து, ஒரு குற்றத்தையும் நானே முன்வந்து ஒப்புக்கொள்கிறேன். இந்த மனுவைத் தங்கள் அலுவலகத்தில் சேர்ப்பதற்காக வரும் வழியில் கல்லு ஸ்டாப்பில் இறங்கினேன். கையில் பை. பையில் மனுவும் அதன் நகல்களும், பொன்னாடையும், திரும்பும்போது ரேஷன் வாங்குவதற்கான சாக்கும். பெரிய பாரம் ஒன்றும் இல்லை. ஆனாலும் கம்பி இடுக்கில் இரு கையையும் விட்டு, அந்தப் பையைப் பலகைக்கல்மேல் ஒரு நிமிடம் வைத்தேன். மூச்சு விட்டேன். எடுத்துக்கொண்டேன். கிதிர் முகம்மது கடை வாசலிலிருந்து பார்த்தார். சாட்சி அவரே. "தொடாதீர்" பலகையில் கண்டபடி அபராதம் விதித்தால் கட்டச் சித்தமாயிருக்கிறேன்.

இடம்: சாரல்குறிச்சி
நாள்: 14.07.2025

இப்போதாவது தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
சு. ஆவுடைநாயகம்

இணைப்பு:
1. கல்லின் முகப்புப் புகைப்படம் (சுண்ணாம்பு சுரண்டியபின்).
2. திருமதி குழல்வாய்மொழி அளித்த வாக்குமூலம், அவர் கையெழுத்துடன். அபராதம் என்றால் கூடையைத் தாங்கள் வந்து தூக்கிப் பார்த்துவிட்டு விதிக்கும்படி கேட்டுக்கொண்டிருக்கிறார்.
3. பொன்னாடை ஒன்று. திருப்பி ஒப்படைக்கப்படுகிறது. இடைப்பட்ட காலத்தில் என் மனைவி அதைக் கிரைண்டருக்குப் போர்த்தியிருந்தபடியால் மாவுக்கறை உள்ளது. பொறுத்தருளவும்.

குறிப்பு: இம்மனுவில் அடித்தல் திருத்தல் இல்லை. பாண்டியம்மாள் என்ற பெயர் வருகிற இடமெல்லாம் திரும்பப் படித்துப் பார்க்கப்பட்டது. புள்ளிகள் அனைத்தும் வைக்கப்பட்டுள்ளன.